ஆல் இன் போனது சரியா? தோற்ற ஹேண்டு ஒன்று, ஜெயித்த ஹேண்டு ஒன்று

கோவாவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் ஆடிய போக்கர் இது. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஹேண்டு என்றால் ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடுவது, ஆல் இன் என்றால் கையில் மீதி இருக்கும் எல்லாவற்றையும் வைப்பது. பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்னே இருவர் கட்டாயம் வைக்கும் தொகை) 100-200. நடு இருக்கையில் இருந்தவர் 600க்கு ரெய்ஸ் செய்தார், அதாவது ஏற்றினார். பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடம்) இருந்த நான் இஸ்பேட் 8, 7 வைத்துக்கொண்டு கால் செய்தேன், அதாவது அதே தொகையை வைத்தேன். மற்றவர்கள் மடித்து விலகிவிட்டார்கள், பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 1,500. ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டு) இஸ்பேட் 9, ஆர்ட்டின் 6, இஸ்பேட் 2. அவர் 1,000 வைத்தார். என்னிடம் மீதி இருந்த 6,000ஐயும் நடுவில் தள்ளினேன்.

அவர் யோசித்துக் கால் செய்து இரண்டு கிங்கைத் திருப்பினார். டர்ன், ரிவர் (நான்காவது, ஐந்தாவது பொதுச் சீட்டு) இரண்டும் எனக்கு உதவவில்லை. ஜோடிகூட இல்லாமல் இவ்வளவு பணத்தை வைப்பானா என்று மேசையில் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஃப்ளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒன்பது இஸ்பேட், ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு) இஸ்பேட் அல்லாத 10, 5 ஆறு. மொத்தம் 15 அவுட் (என்னை ஜெயிக்க வைக்கும் சீட்டு), இன்னும் வர வேண்டியது இரண்டு சீட்டு. கிங் ஜோடிக்கு எதிராகவே எனக்கு ஏறக்குறைய 56 சதவீதம். அவர் கால் செய்தால் பாட் 13,500. அதில் என் பங்கு சராசரியாக 7,560, நான் வைத்தது 6,000. மடித்தால் அங்கே கிடந்த 2,500 உடனே எனக்கு. அவரிடம் பொதுச் சீட்டோடு சேர்த்து மூன்று 9 இருந்திருந்தால் நிலைமை மோசம்தான், என் பங்கு ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் அப்படிப்பட்ட சீட்டு அவரிடம் இருக்கும் வாய்ப்பு குறைவு. ஏஸ்-கிங், ஏஸ்-குயின் போன்றவற்றோடும்தான் அவர் அந்த 1,000ஐ வைப்பார், அவற்றில் பலவற்றை மடித்தும் விடுவார்.

அதே மேசையில் அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஃப்ளாப்பிலும் டர்னிலும் செக் செய்த (பணம் வைக்காமல் விட்ட) ஒருவர், ரிவரில் 4,000 பாட்டுக்கு 12,000 ஆல் இன். கையில் ஒன்றுமில்லை. எதிராளி மடித்தார், இவர் சீட்டைக் காட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். அதுதான் எனக்குத் தப்பான ஆட்டமாகப் பட்டது. 4,000க்காக 12,000 வைத்தால் நாலில் மூன்று தடவை எதிராளி மடித்தாக வேண்டும். ரிவருக்குப் பிறகு அடுத்த சீட்டு இல்லை, கால் வந்தால் மொத்தமும் போச்சு. எதிரில் இருந்தவரோ அன்று முழுக்கச் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டே கடைசிவரை கால் செய்துகொண்டிருந்தவர். அதோடு, இரண்டு சுற்று சும்மா இருந்தவனிடம் திடீரென்று பெரிய சீட்டு இருப்பதாக யார் நம்புவார்கள்?

ரிவர் ப்ளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் பயமுறுத்தப் பணம் வைப்பது) எல்லாமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2003 போக்கர் உலகத் தொடரின் (WSOP) இறுதியில் கிறிஸ் மனிமேக்கர் சாம் ஃபர்ஹாவுக்கு எதிராக ஆடியதைப் பாருங்கள். டர்னில் மூன்றாவது இஸ்பேட் விழுந்தது. மனிமேக்கரிடம் இஸ்பேட் கிங்கும் இஸ்பேட் அல்லாத ஒரு 7உம், அதாவது ஃப்ளஷுக்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஒரே நேரத்தில் வழி. ஃபர்ஹா வைத்த 3 லட்சத்தை அவர் 8 லட்சமாக ஏற்றினார். ரிவரில் எதுவும் அமையாமல் போக, ஆல் இன். ஒன்பது ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா நெடுநேரம் யோசித்து மடித்தார். டர்ன் ரெய்ஸிலிருந்தே ஃப்ளஷ் அமைந்தவன் எப்படி ஆடுவானோ அப்படித்தான் மனிமேக்கர் ஆடியிருந்தார். அதனால்தான் அந்தத் தள்ளல் எனக்குச் சரியாகப் படுகிறது.

நீங்கள் ஆல் இன் போன ஹேண்டைச் சொல்லும்போது பாட் எவ்வளவு, கையில் மீதி எவ்வளவு, எதிராளி எப்படிப்பட்டவர், முந்தைய சுற்றுகளில் யார் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.