புதுப்பிப்பு: அம்மாவின் விரல் வலிக்குப் பெயர் கிடைத்துவிட்டது

இரண்டு மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன்: அம்மாவுக்கு விரல் கணுக்களில் வீக்கம், முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அப்படியென்றால் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் மூட்டு நோய்) இல்லைதானே என்று. இருக்கிறது.

மூட்டுவாத நிபுணர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, கை குலுக்குவது போல அம்மாவின் விரல் அடிக்கணுக்களைச் சேர்த்துப் பக்கவாட்டில் அழுத்தினார். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடுத்த கேள்வி: "காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகும்?" "காபி போட்டு, குளித்து முடிக்கும்வரை சரியாகாது டாக்டர்." எங்களிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை!

முடக்குவாத நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாகவே வருமாம். அதனால் ஆன்டி-சிசிபி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். இயல்பு அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அல்ட்ராசவுண்டில் மட்டும் மூட்டு உள்ளுறை தடித்திருப்பது தெரிந்தது.

முடக்குவாதத்தை உறுதிசெய்ய 2010இல் வந்த மதிப்பெண் முறைப்படி கணக்கும் போட்டுக் காட்டினார். எட்டுச் சிறு மூட்டுகளுக்கு 3, ஆன்டி-சிசிபிக்கு 3, உயர்ந்திருந்த ஈஎஸ்ஆருக்கு (உடலில் அழற்சியைக் காட்டும் ரத்த அளவு) 1, வலி ஆறு வாரத்தைத் தாண்டியதற்கு 1. மொத்தம் 8, பத்துக்கு ஆறு இருந்தாலே போதும். அம்மா வாங்க விரும்பாத மதிப்பெண்.

வலிக்குக் காரணம் யூரிக் அமிலம் என்று சொல்லி நாங்கள் நிறுத்தியிருந்த துவரம்பருப்பு நேற்று சாம்பாருக்குத் திரும்பிவிட்டது. முடக்குவாதத்துக்குக் கொடுத்த மருந்து மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒருமுறை மட்டும். காலண்டரில் ஞாயிறுகளைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்.