பிஎச்பி-யிலிருந்து டபிள்யூசிஎஃப் சர்வீஸுக்கு அனுப்பினால் 200 (வெற்றி) வருகிறது, ஆனால் பாதி ஃபீல்டுகள் காலி

ஈரெண்:
எங்கள் பக்கம் பிஎச்பி. எதிர்ப்பக்கம் வேறொரு டீம் சி ஷார்ப்பில் எழுதிய டபிள்யூசிஎஃப் (டாட்நெட்டில் வெப் சர்வீஸ் எழுதும் கட்டமைப்பு) சர்வீஸ். ஆர்டர் விவரத்தை அங்கே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. சோப்கிளையன்ட் (சோப் எனும் எக்ஸ்எம்எல் செய்திகளை அனுப்ப பிஎச்பி தரும் கிளாஸ்) வைத்துப் பார்த்தால் டபிள்யூஎஸ்டிஎல் (சர்வீஸ் என்ன எதிர்பார்க்கிறது என்று சொல்லும் ஃபைல்) லோடு ஆகவே மாட்டேன் என்கிறது, "எக்ஸ்டர்னல் என்டிட்டி கிடைக்கவில்லை" என்ற ரீதியில் ஓர் எரர். அதனால் எக்ஸ்எம்எல்லை நானே ஸ்ட்ரிங்காகக் கட்டி கர்ல் (எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் லைப்ரரி) வழியாக அனுப்புகிறேன்.

முதலில் 415 (இந்த உள்ளடக்க வகையை ஏற்க முடியாது) வந்தது. அவர்களுடைய எண்ட்பாயிண்ட் டபிள்யூஎஸ்எச்டிடிபி பைண்டிங்கில் (செய்தி எந்த வடிவில் வர வேண்டும் என்ற அமைப்பு) இருந்தது, அது சோப் 1.2 எதிர்பார்க்கும், நான் அனுப்பியதோ 1.1-க்கு உரிய டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல். கேட்டதும் பேசிக்எச்டிடிபி பைண்டிங்கில் தனியாக ஒன்று திறந்து கொடுத்தார்கள். அது முடிந்தது.

இப்போது 200 வருகிறது, ஃபால்ட் (சோப் பிழைச் செய்தி) எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் டேட்டாபேஸில் பார்த்தால் கஸ்டமர்ஐடி நல் (மதிப்பே இல்லை), அமவுண்ட் 0, ஆர்டர்டேட் 01-01-0001. ஆர்டர்நோ, ரிமார்க்ஸ் இரண்டும் மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் அனுப்பும் வரிசை: ஆர்டர்நோ, கஸ்டமர்ஐடி, ஆர்டர்டேட், அமவுண்ட், ரிமார்க்ஸ். ஸ்பெல்லிங், கேபிடல் லெட்டர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாகிவிட்டது. இதே மாதிரி கட்டிய எக்ஸ்எம்எல் அவர்களுடைய பழைய ஏஎஸ்எம்எக்ஸ் (டபிள்யூசிஎஃப்-க்கு முந்தைய டாட்நெட் வகை) சர்வீஸில் ஒழுங்காக ஓடியது. "எங்கள் டெஸ்ட் கிளையன்டில் வேலை செய்கிறது, பிரச்சினை உங்கள் பக்கம்தான்" என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தேடுவது?

மணல்வீடு:
நேம்ஸ்பேஸைப் பாருங்கள், அதாவது எலிமெண்டின் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற அடையாளத்தை. ஏஎஸ்எம்எக்ஸில் எல்லா எலிமெண்டும் ஒரே நேம்ஸ்பேஸில் இருக்கும், யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் டெம்ப்யூரி என்ற இயல்புநிலைப் பெயர். டபிள்யூசிஎஃப்-இல் அப்படி இல்லை. வெளியே இருக்கும் ஆபரேஷன் பெயர் டெம்ப்யூரியில் இருக்கும், உள்ளே இருக்கும் டேட்டா கான்ட்ராக்ட் (அனுப்பும் தரவின் வடிவத்தைச் சொல்லும் கிளாஸ்) ஃபீல்டுகள் மட்டும் ஸ்கீமாஸ் டாட் டேட்டாகான்ட்ராக்ட் டாட் ஆர்க் என்று தொடங்கி 2004/07 என்று போகும் வேறொரு நேம்ஸ்பேஸில் இருக்கும், கடைசியில் அவர்கள் சி ஷார்ப் நேம்ஸ்பேஸ் ஒட்டிக்கொள்ளும். பழைய கோடை அப்படியே தூக்கி வைத்தால் இங்கேதான் மாட்டும். தப்பான நேம்ஸ்பேஸில் வந்த எலிமெண்டை டபிள்யூசிஎஃப் சத்தமில்லாமல் தள்ளிவிடும், திட்டவெல்லாம் செய்யாது.

ஈரெண்:
அதைப் பார்த்துவிட்டேன் நண்பரே. ஐந்துக்கும் ஒரே ப்ரிஃபிக்ஸ் (முன்னொட்டு), அது டேட்டாகான்ட்ராக்ட் நேம்ஸ்பேஸைத்தான் காட்டுகிறது. அது தப்பாக இருந்தால் ஆர்டர்நோவும் ரிமார்க்ஸும் மட்டும் எப்படிப் போய்ச் சேரும்?

பழையகீபோர்டு:
சரியான கேள்வி. எல்லாமே காலியாகப் போனால் நேம்ஸ்பேஸ். சில மட்டும் காலி என்றால் முதல் சந்தேகம் வரிசை மேல்தான்.

டபிள்யூசிஎஃப் வழக்கமாகப் பயன்படுத்துவது டேட்டாகான்ட்ராக்ட் சீரியலைசர் (ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல்லாகவும் எக்ஸ்எம்எல்லைத் திரும்ப ஆப்ஜெக்டாகவும் மாற்றும் பகுதி). கிளாஸில் ஆர்டர் (வரிசை எண்) என்று எதுவும் குறிப்பிடாமல் விட்டால் ஃபீல்டுகளை அது ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிடும் (பேஸ் கிளாஸ் இருந்தால் அதன் ஃபீல்டுகள் முதலில்). உங்கள் ஐந்தையும் அப்படி அடுக்கினால் அமவுண்ட், கஸ்டமர்ஐடி, ஆர்டர்டேட், ஆர்டர்நோ, ரிமார்க்ஸ். படிக்கும்போது அது முன்னோக்கி மட்டும்தான் போகும், கடந்து வந்த இடத்துக்குத் திரும்பாது. நீங்கள் முதலிலேயே ஆர்டர்நோவைக் கொடுத்துவிட்டீர்கள், அது நேராக நான்காம் இடத்துக்குத் தாவிவிட்டது. அதன் பிறகு வந்த கஸ்டமர்ஐடி, ஆர்டர்டேட், அமவுண்ட் மூன்றுமே அதன் கணக்கில் தாண்டிப் போனவை, தெரியாத எலிமெண்ட் மாதிரி விட்டுவிடும். ரிமார்க்ஸ் ஐந்தாவது, அதனால் பிழைத்தது. உங்கள் டேட்டாபேஸில் எது வந்தது, எது வரவில்லை என்று நீங்கள் சொன்னது இதோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது பாருங்கள்.

ஃபால்ட் ஏன் வரவில்லை என்றால், அவர்கள் எந்த ஃபீல்டிலும் இஸ்ரிக்வயர்ட் (கட்டாயம் என்ற குறி) போடவில்லை. போட்டிருந்தால் முதல் தடவையே எரர் விழுந்திருக்கும், உங்களுக்கும் இவ்வளவு அலைச்சல் இல்லை. ஏஎஸ்எம்எக்ஸில் ஓடியதற்கும் இதுதான் காரணம்: அங்கே எக்ஸ்எம்எல்சீரியலைசர், ஆர்டர் குறிப்பிடாதவரை எந்த வரிசையில் வந்தாலும் எடுத்துக்கொள்ளும். அவர்கள் டெஸ்ட் கிளையன்டோ டாட்நெட், தானாகவே சரியான வரிசையில் எழுதிவிடும். அதில் ஓடுகிறது என்பது எதற்கும் ஆதாரம் ஆகாது.

டபிள்யூஎஸ்டிஎல்லோடு வரும் எக்ஸ்எஸ்டி (எக்ஸ்எம்எல் அமைப்பைச் சொல்லும் ஸ்கீமா) ஃபைலைத் திறந்து பாருங்கள், எக்ஸ்எஸ்:சீக்வென்ஸ் என்று இருக்கும். அதற்குள் எந்த வரிசை இருக்கிறதோ அதுதான் சட்டம். அது பாட்டுக்கு அங்கே எழுதித்தான் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை.

ஈரெண்:
வரிசையை மாற்றினேன், ஐந்தும் வந்துவிட்டது! ஆனால் இரண்டு புதுத் தலைவலி. ஒன்று, சிறிய தொகை என்றால் போகிறது, தொகை ஆயிரத்தைத் தொட்டால் டீசீரியலைசேஷன் ஃபால்ட் வருகிறது. இரண்டு, தேதி சரி, நேரம் மட்டும் சில மணிநேரம் தள்ளி விழுகிறது.

மணல்வீடு:
முதலாவதுக்குக் கோடைப் பார்க்காமலே சொல்லலாம், நம்பர்_ஃபார்மேட் போட்டிருக்கிறீர்கள். இரண்டு தசமம் மட்டும் கேட்டாலும் அது ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி சேர்த்துத்தான் தரும். 1,250.00 என்று போனால் டெசிமலாகப் படிக்க முடியாமல் மறுபக்கம் விழுந்துவிடும். நான்காவது ஆர்கியுமெண்டில் வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள். எக்ஸ்எம்எல்லுக்குள் போகும் எண் மனிதன் படிப்பதற்கு இல்லை, அதற்கு அலங்காரம் தேவையில்லை.

பழையகீபோர்டு:
நேரத்துக்கு: நீங்கள் அனுப்பும் மதிப்பின் கடைசியில் ஆஃப்செட் (உலகப் பொது நேரமான யுடிசியிலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்ற குறி) இல்லை என்று நினைக்கிறேன். தேதி, டி, நேரம், அத்தோடு முடிந்துவிடும். டாட்நெட் அதை "எந்த நேர மண்டலம் என்று சொல்லப்படவில்லை" என்று வைத்துக்கொள்ளும், அப்புறம் அவர்கள் கோடு அதை யுடிசி என்று எடுக்குமா லோக்கல் என்று எடுக்குமா என்பது எழுதியவர் விருப்பம். யுடிசிக்கு மாற்றிக் கடைசியில் இசட் போட்டு அனுப்பிவிடுங்கள். அல்லது டேட்_ஏட்டம் ஃபார்மேட் போடுங்கள், +00:00 என்ற மாதிரி ஆஃப்செட்டோடு வரும். ஆஃப்செட்டோடு வந்ததை டாட்நெட் தன் சர்வரின் லோக்கல் நேரமாக மாற்றிவிடும், கணம் அதேதான், ஆனால் லாகில் வேறு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள்.

பெயரைப் பார்த்து டேட்_ஐஎஸ்ஓ8601 பக்கம் மட்டும் போக வேண்டாம். அது ஆஃப்செட்டில் முக்காற்புள்ளி இல்லாமல் +0000 என்று எழுதும், எக்ஸ்எஸ்:டேட்டைமுக்கு அது செல்லாது. அந்தப் பெயரில் அதை வைத்தது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

கோடுபித்தன்:
தாமதமாக வருகிறேன். கையால் எக்ஸ்எம்எல் கட்டுவதையே விட்டுவிடுங்களேன். சோப்கிளையன்ட் லோடு ஆகாததற்குக் காரணம் அநேகமாக இதுதான்: அந்த டபிள்யூஎஸ்டிஎல்லுக்குள் எக்ஸ்எஸ்டி இம்போர்ட் வரிகள் இருக்கும், அவற்றில் சர்வரின் உள் நெட்வொர்க் பெயர் எழுதியிருக்கும், உங்கள் மெஷினிலிருந்து அது ரிசால்வ் ஆகாது. அவர்கள் பக்கம் டாட்நெட் 4.5 அல்லது அதற்கு மேல் என்றால் முகவரியின் கடைசியில் ?டபிள்யூஎஸ்டிஎல் என்பதற்குப் பதில் ?சிங்கிள்டபிள்யூஎஸ்டிஎல் என்று போட்டுப் பாருங்கள், எல்லாம் ஒரே ஃபைலாக வரும். அதைச் சேமித்து அந்த ஃபைலையே சோப்கிளையன்டுக்குக் கொடுங்கள், லொக்கேஷன் ஆப்ஷனில் நிஜ முகவரி.

சோப்கிளையன்ட் ஸ்கீமாவைப் பார்த்து வரிசையை அதுவே அமைத்துக்கொள்ளும். ஆர்க்யுமெண்டுகளைத் தனித்தனியாகக் கொடுக்காதீர்கள், எல்லாவற்றையும் ஒரே அரேக்குள் வைத்து அந்த அரேயை ஒரே ஆர்க்யுமெண்டாகக் கொடுங்கள், இல்லையென்றால் மறுபடி நல் புராணம்தான். பதில் வருவதும் ஆபரேஷன் பெயரோடு ரிசல்ட் சேர்ந்த ப்ராப்பர்ட்டிக்குள் இருக்கும். ட்ரேஸ் ஆன் செய்துவிட்டால் கெட்லாஸ்ட்ரிக்வெஸ்ட்டில் உண்மையில் என்ன போனது என்று பார்க்கலாம்.

ஈரெண்:
காற்புள்ளி, இசட் இரண்டும் சரியாகிவிட்டது. சிங்கிள்டபிள்யூஎஸ்டிஎல்லும் கிடைத்தது, லோடு ஆகிறது. ஆனால் அவர்கள் இன்று ஒரு ஃபீல்டு சேர்த்தார்கள், புது ஃபைலை அதே பெயரில் வைத்தும் அது என் ரிக்வெஸ்ட்டில் வரவே இல்லையே?

கோடுபித்தன்:
கேஷ். பிஎச்பி டபிள்யூஎஸ்டிஎல்லை 86400 விநாடி, அதாவது ஒரு நாள், பிடித்து வைத்துக்கொள்ளும், லோக்கல் ஃபைலுக்கும் அதே கதைதான். டெவலப்மெண்டில் கேஷ்_டபிள்யூஎஸ்டிஎல் ஆப்ஷனை டபிள்யூஎஸ்டிஎல்_கேஷ்_நன் என்று வையுங்கள், லைவில் ஃபைல் மாறும்போது டெம்ப் ஃபோல்டரில் டபிள்யூஎஸ்டிஎல் என்று தொடங்கும் ஃபைல்களை அழித்துவிடுங்கள்.