விம் என்று பெயர் ஒன்றுதான், உள்ளே என்ன இருக்கிறது?

விம் டெக்ஸ்ட் எடிட்டர் பயன்படுத்துபவர்களில் யாருக்கெல்லாம் இந்த அனுபவம் உண்டு? புது டெபியன் லினக்ஸ் மெஷின். பழைய விம்ஆர்சி ஃபைலை (விம்மின் செட்டிங்ஸ் ஃபைல்) கொண்டுபோய் வைத்துவிட்டு, விம்மைத் திறக்க 'விஐ' அடித்தால் வரிக்கு வரி இ319 எர்ரர். இந்தக் கட்டளை இந்த வெர்ஷனில் கிடையாதாம். கலரும் இல்லை. ':வெர்ஷன்' கொடுத்துப் பார்த்தால் -ஈவல், -சின்டாக்ஸ். மைனஸ் என்றால் அந்த வசதி இல்லை, பிளஸ் என்றால் உண்டு. ஈவல்தான் ஸ்கிரிப்ட் கட்டளைகளை ஓட்டுவது, சின்டாக்ஸ் கலர் காட்டுவது. வந்திருப்பது விம்-டைனி, வசதிகளைக் குறைத்த குட்டி விம்! கம்பைல் செய்யும்போதே (புரோகிராமை உருவாக்கும்போதே) கழற்றிவிட்டதை எந்த செட்டிங்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இப்போதெல்லாம் விம்ஆர்சியில் எர்ரர் தரும் வரிகளை 'இஃப் 1', 'எண்டிஃப்' நடுவில் போட்டுவிடுகிறேன். ஈவல் இல்லாத விம் அந்தப் பகுதியை அப்படியே தாண்டிப் போய்விடும், சத்தமே வராது.

மறுமொழி 1
எனக்குக் கிளிப்போர்ட். விம்மில் யாங்க் (காப்பி) செய்ததை பிரவுசரில் ஒட்ட முடியவில்லை, காரணம் -கிளிப்போர்ட். டெர்மினலை விட்டு நகராத ஆள் நான், ஆனாலும் தனி ஜன்னலிலும் ஓடக்கூடிய விம்-ஜிடிகே3 பேக்கேஜைத்தான் போட வேண்டியிருந்தது. ஜன்னலே திறக்காவிட்டாலும் அந்த பைனரியில்தான் +கிளிப்போர்ட் இருக்கிறது.

மறுமொழி 2
சோர்ஸ் கோடிலிருந்து விம்மைத் தாங்களே பில்ட் செய்பவர்கள் கவனிக்க. பைதான்3 வசதி வேண்டும் என்று கான்ஃபிகரில் (எந்த வசதிகள் வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்) கேட்டிருந்தேன், பெரிய வசதித் தொகுப்புக்கான '--வித்-ஃபீச்சர்ஸ்=ஹியூஜ்' வேறு. கம்பைல் செய்யும் 'மேக்' கட்டளை அழகாக முடிந்தது. திறந்தால் -பைதான்3! பைதான்3-டெவ் பேக்கேஜ் இல்லையென்றால் கான்ஃபிகர் வாயே திறக்காமல் அதை விட்டுவிட்டு மேலே போய்விடுகிறது. பேக்கேஜைப் போட்டு மறுபடி ஓட்டினாலும் அதே கதை, ஏனென்றால் பழைய 'இல்லை' ஆட்டோ/கான்ஃபிக்.கேஷ் ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. 'மேக் டிஸ்ட்கிளீன்' கொடுத்துப் பழையதைத் துடைத்த பிறகுதான் வழிக்கு வந்தது. '--எனேபிள்-ஃபெயில்-இஃப்-மிஸ்ஸிங்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அங்கேயே நின்று எர்ரர் சொல்லும். என்னைக் கேட்டால் அதுதான் டிஃபால்ட்டாக இருந்திருக்க வேண்டும்.

மறுமொழி 3
நான் நானோ என்ற இன்னொரு எடிட்டரின் கட்சி. ஒரு கிளையன்ட் சர்வரில் தமிழ் ஃபைலைத் திறந்தால் முழுக்கக் குப்பை. ஒரு 'க'வைத் தாண்ட அம்புக்குறியை மூன்று தடவை தட்டணும், 'கி'க்கு ஆறு. பேக்ஸ்பேஸ் ஒருமுறை அடித்தால் எழுத்து பாதியில் உடைகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், 'கி'யில் 'க'வும் இகரக் குறியுமாக இரண்டு. அந்த நானோ பைட் பைட்டாக எண்ணிக்கொண்டிருந்தது. 'நானோ --வெர்ஷன்' காட்டும் கம்பைல் ஆப்ஷன்களில் '--எனேபிள்-யூடிஎஃப்8' இல்லவே இல்லை. லொக்கேலை (சிஸ்டத்தின் மொழி செட்டிங்) மாற்றிப் பார்த்தும் பலனில்லை. ரீபில்ட் செய்ய அனுமதியும் கிடைக்கவில்லை, ஃபைலை லேப்டாப்புக்கு இறக்கித் திருத்தி மறுபடி ஏற்றினேன்.