கத்தோலிக்கப் பல்கலையில் கல்விச் சுதந்திரம்: எதை நம்பலாம்?

வழிப்போக்கன்: அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைகளில் பேராசிரியருக்கு முதல் திருத்தம் (அமெரிக்க அரசியல் சாசனத்தில் பேச்சுரிமையைக் காக்கும் பிரிவு) போதுமான காப்பா?

தமிழ்க்கிறுக்கன்: போதாது. அது அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் பல்கலையில் ஒப்பந்தம்தான் எல்லாம். வலைப்பதிவு ஒன்றுக்காக இடைநீக்கம் செய்யப்பட்ட பேராசிரியர் ஜான் மெக்காடம்ஸ் 2018இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றத்தில் மார்க்வெட் என்ற கத்தோலிக்கப் பல்கலையை வென்றது அதனால்தான். நியமனக் கடிதத்தில் 'ஆசிரியர் விதிகள் ஒப்பந்தத்தின் பகுதி' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய்மொழி உறுதியெல்லாம் காற்றோடு போகும்.

மேற்குவாசல்: இறையியல் துறைக்கு வேறு கணக்கு. திருச்சபைச் சட்டம் 812இன்படி அதைக் கற்பிப்பவருக்குத் திருச்சபை அதிகாரியின் அனுமதி வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் (CUA) இறையியல் பேராசிரியர் சார்லஸ் கரனுக்குக் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியில்லை என்று 1986இல் வத்திக்கான் சொன்னது; அவர் தொடுத்த வழக்கில் 1989இல் பல்கலையே வென்றது. அமெரிக்கப் பல்கலைப் பேராசிரியர் சங்கம் (AAUP) 1990இல் அந்தப் பல்கலையைக் கண்டனப் பட்டியலில் சேர்த்தது, வேலை திரும்பவில்லை.

நிழற்குடை: பாதுகாப்பையும் மறக்காதீர்கள். மெக்காடம்ஸ் வலைப்பதிவில் பெயர் வந்த முனைவர் பட்ட மாணவிக்கு வசை மின்னஞ்சல்கள் குவிந்தன. அப்படி நேர்ந்தால் உங்கள் அறை எண், வகுப்பு நேரத்தை இணையதளத்திலிருந்து அன்றே நீக்கச் சொல்லுங்கள். மிரட்டல் மடலை அழிக்காதீர்கள். ஃபார்வர்டு செய்தால் அனுப்பிய வழித்தடம் தெரியாது. மூலக் கோப்பாகவே இறக்கி வளாகக் காவலரிடம் கொடுங்கள்.