பன்னிரண்டு வருட லித்தியம் மூளையைக் காக்கிறதா, கெடுக்கிறதா?

உப்புவெளி அக்கா:
என் தம்பிக்கு இருமுனைக் கோளாறு, மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் கடும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய். பன்னிரண்டு வருடமாக அதற்கு லித்தியம் என்ற மருந்தை எடுக்கிறான், மீன்பிடிக்கப் போகிறான், குடும்பத்தைப் பார்க்கிறான். போன கிழமை சித்தப்பா வந்து "இவ்வளவு காலம் போட்டால் மூளை கரைந்துபோகும், நிற்பாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவன் இரவில் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருக்கிறான். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது விரல்களும் நடுங்குகின்றன. உண்மை என்ன?

கன்னியா:
அக்கா, ஆய்வுகள் சொல்வது நேர்மாறு. 2000ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்தது: நாலு கிழமை லித்தியம் எடுத்த பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மூளையின் சாம்பல்நிறப் பகுதி கூடியிருந்தது, ஏறத்தாழ 3 வீதம். இந்த நோயில் மூளையின் மேற்படை மெலிகிறது. லித்தியம் எடுப்பவர்களில் அந்த மெலிவு குறைவு என்று 2018இல் பல நாட்டு ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்த எனிக்மா குழு சொன்னது. விரல் நடுக்கம் தெரிந்த பக்கவிளைவுதான், மூளை கரைவதன் அடையாளமில்லை.

மூதூர் மகன்:
நாலு கிழமையில் மூளை வளருமா? லித்தியம் திசுக்களின் நீர்ச்சமநிலையை மாற்றுவதால் ஸ்கேனில் அப்படித் தெரிகிறது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அதோடு, வருடக்கணக்கில் லித்தியத்தில் இருப்பவர்கள் யார்? அது ஒத்துப்போனவர்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் இடையில் விட்டுவிடுவார்கள். அவர்களை யார் ஸ்கேன் பண்ணுவது?

என் அப்பா ஒத்துப்போனவர்தான், ஒன்பது வருடம். ஒரு சித்திரை வெயிலில் வயிற்றோட்டம் வந்தது. முழங்கால் நோவுக்கு டைக்ளோஃபெனாக்கும் போட்டார். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்து நடந்தார், பேச்சு குழறியது. இரத்தத்தில் லித்தியம் லீட்டருக்கு 2.6 மில்லிமோல். அளவு இறங்கி இப்போது ஏழு மாதம். இன்னும் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார். உடல் அசைவைச் சீராக்கும் சிறுமூளையில் விழுந்த அடி. மருந்து நின்று இரண்டு மாதத்துக்குப் பிறகும் மாறாவிட்டால் அதற்கு சைலன்ட் (SILENT) என்று பெயரே வைத்திருக்கிறார்கள், லித்தியத்தால் வந்து மாறாமல் நிற்கும் நரம்புப் பாதிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

கன்னியா:
அப்பாவின் நிலை மனதை வருத்துகிறது, அண்ணா. நீர் விஷயத்தையும், ஒத்துப்போனவர்களே மிஞ்சுகிறார்கள் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் 2022இல் கேம்பிரிட்ஜ் ஆய்வு ஏறத்தாழ முப்பதாயிரம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தது. லித்தியம் எடுத்த 548 பேரில் 9.7 வீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 11.2 வீதத்தினருக்கும் மறதிநோய் வந்தது. இது நிரூபணமில்லை. ஆனாலும் இருமுனைக் கோளாறே மறதிநோய் ஆபத்தைக் கூட்டும்போது, அதற்கு எடுக்கும் மருந்து மூளையைத் தின்றால் இந்தக் கணக்கு இப்படி வராது.

பார்மசிக்காரன்:
இரண்டு பேரும் ஒரே மருந்தின் இரண்டு அளவைப் பற்றிக் கதைக்கிறீர்கள். பொதுவாக இரத்தத்தில் லித்தியத்தை 0.6இலிருந்து 0.8 வரை வைத்திருப்பார்கள், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. சிறுநீரகம் லித்தியத்தையும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கையாளும். வியர்த்தோ வயிற்றோட்டத்திலோ உப்பும் நீரும் போனால், உப்பைப் பிடித்துவைக்கும்போது லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், சில பிரஷர் மருந்துகளும் அதை வெளியேற விடாது. நம் ஊர் வெயிலில் வள்ளத்தில் நிற்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். நோவுக்குப் பரசிட்டமோல் போதும்.

அக்கா, தம்பி கடைசியாக எப்போது இரத்தம் கொடுத்தார்? கடைசிக் குளிசை எடுத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துக் கொடுக்க வேண்டும். தைரொய்ட், சிறுநீரகமும் பார்க்க வேண்டும்.

உப்புவெளி அக்கா:
கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். போன வருடம் ஆவணியில் 0.7. அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. அவன் வள்ளத்துக்குக் கொண்டுபோகும் பையில் டைக்ளோஃபெனாக் ஒரு கார்ட், நாலு குளிசை குறைவு.

மூதூர் மகன்:
அந்தக் கார்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அக்கா. நாளைக்கே இரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், நாளை வரைக்கும் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என் அப்பாவுக்கு இனி லித்தியம் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். அதற்காகத் தம்பியைச் சட்டென்று நிற்பாட்டச் சொல்லவும் மாட்டேன், அப்படி நிற்பாட்டினால் நோய் வேகமாகத் திரும்பக்கூடும். குறைப்பதோ தொடர்வதோ டொக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

உப்புவெளி அக்கா:
நடையும் பேச்சும் சரியாக இருக்கிறது. கார்டை எடுத்துவிட்டேன். நாளைக் காலை வள்ளம் இல்லை, கிளினிக்தான். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.