ரெண்டு ஃபயர்வால் வேணுமா? (குடும்ப வாட்ஸ்அப் குழு)

கார்த்தி: மாமா, விண்டோஸ் 11ல அதோட ஃபயர்வால் (நெட்வொர்க்ல உள்ள வர்றது, வெளிய போறதை வடிகட்டுற காவல்) இருக்கு. ஆன்டிவைரஸ் சூட்லயும் (பல பாதுகாப்பு ஆப் சேர்ந்த தொகுப்பு) ஒண்ணு இருக்கு. இதுக்கு மேல இலவசமா இன்னொண்ணு போடலாம்னு பாக்குறேன். பாதுகாப்பு கூடும்ல?

ரகு மாமா: கூடாதுடா. ஒரு கனெக்‌ஷன் உள்ள வரணும்னா எல்லா ஃபயர்வாலும் சரின்னு சொல்லணும். தடுக்க ஒண்ணு போதும். மூணு போட்டா மூணு இடத்துல போய் அனுமதி குடுக்கிற வேலைதான் மிச்சம்.

செல்வி: மாமா சொல்றது சரி. விஸ்டா காலத்துலேர்ந்து விண்டோஸ்ல ஃபில்டரிங் ப்ளாட்ஃபார்ம்னு, ஃபயர்வால் விதி எல்லாம் ஓடுற அடித்தளம் ஒண்ணு இருக்கு. விண்டோஸ் ஃபயர்வால், விபிஎன்னோட கில் ஸ்விட்ச் (விபிஎன் அறுந்தா நெட்டையே நிறுத்துறது), பெரும்பாலான சூட் எல்லாம் அதுலதான் விதி எழுதும். ஒவ்வொண்ணுக்கும் தனி அடுக்கு. ஒரு அடுக்கு விட்டு இன்னொண்ணு தடுத்தா, அனேகமா தடுத்ததுதான் நிக்கும்.

கார்த்தி: அப்போ இப்பவே ரெண்டு ஓடுதா அக்கா?

செல்வி: ஓடக் கூடாது. ஒழுங்கான சூட்டா இருந்தா தன்னைப் பதிவு பண்ணிக்கும், விண்டோஸ் ஃபயர்வால் தானா ஒதுங்கிடும். விண்டோஸ் செக்யூரிட்டி > செட்டிங்ஸ் > மேனேஜ் ப்ரொவைடர்ஸ் போய்ப் பாரு. ஃபயர்வால் தலைப்புக்குக் கீழ எது ஆன், எது ஆஃப்னு காட்டும். ரெண்டும் ஆன்னா ஒண்ணை முடிவு பண்ணிக்கோ.

ரகு மாமா: அணைக்கிறதுன்னா ப்ரொஃபைல்ல (டொமைன், ப்ரைவேட், பப்ளிக்னு நெட்வொர்க் வகைக்கு ஒண்ணா இருக்கிற செட்டிங்) ஆஃப் பண்ணு. சர்வீசஸ் ஜன்னல்ல போய் விண்டோஸ் ஃபயர்வால் சர்வீஸையே நிறுத்தாதே. ஸ்டார்ட் மெனு வேலை செய்யாம போகலாம், ஸ்டோர் ஆப் இன்ஸ்டால் ஆகாது. சூட் வேலை செஞ்சாலும் அந்த சர்வீஸ் பின்னாடி ஓடிட்டேதான் இருக்கணும்.

விமல்: ரெண்டு ஃபயர்வால் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 2004ல எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2ல வந்த ஃபயர்வால் உள்ள வர்றதை மட்டும்தான் பாத்துச்சு. வெளிய போறதைக் கட்டுப்படுத்த வேற ஒண்ணு போட வேண்டியிருந்துச்சு. இப்போ அந்த வேலை விண்டோஸ்லயே இருக்கு, ஆனா வெளிய போறதை எல்லாம் அனுமதிங்கிறதுதான் ஆரம்ப நிலை.

கார்த்தி: நான் போட நினைச்சதும் அதுக்குத்தான் அண்ணா. எந்த ஆப் எங்க பேசுதுன்னு தெரியணும்.

விமல்: அதுக்கு மால்வேர்பைட்ஸ் கம்பெனியோட விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல் மாதிரி ஏதாவது பாரு. அது தனி ஃபயர்வால் இல்ல, விண்டோஸ் ஃபயர்வாலுக்கே விதி எழுதுற முகப்பு. சிம்பிள்வால் அப்படி இல்ல, ஃபில்டரிங் ப்ளாட்ஃபார்ம்ல நேரா எழுதும். அது நிஜமாவே ரெண்டாவது ஃபயர்வால். போடுறதுக்கு முன்னாடி எந்த வகைன்னு பாத்துக்கோ. விண்டோஸ் ஃபயர்வால் கன்ட்ரோல் போட்டாலும் சூட்டோட ஃபயர்வாலை ஆஃப் பண்ணணும்.

பானு சித்தி: இடையில ஒரு கேள்வி. எங்க கம்ப்யூட்டர்லயும் சூட் இருக்கு. பிரிண்ட் நல்லா வருது. பிரிண்டர்லேர்ந்து ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு அனுப்பினா மட்டும் வரல. அனுமதி கேட்டு ஜன்னல் வந்துச்சு, "அலவ்" குடுத்தாச்சு.

செல்வி: சித்தி, அந்த ஜன்னல் ஒரு ஃபயர்வாலோடது. அனுமதி அதுக்கு மட்டும்தான், இன்னொண்ணு சத்தமில்லாம தடுக்கும். பிரிண்ட் உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து வெளிய போறது, பெரும்பாலும் 9100 போர்ட் (போர்ட்னா எண் போட்ட வாசல் மாதிரி), யாரும் தடுக்கல. ஸ்கேன் ஃபைல் விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கோட 445 போர்ட் வழியா உள்ள வரணும். அங்கதான் மாட்டுது.

ரகு மாமா: பானு, முதல்ல நெட்வொர்க் ப்ரைவேட்டா பப்ளிக்கான்னு பாரு. செட்டிங்ஸ் > நெட்வொர்க் & இன்டர்நெட், உன் வைஃபை பேரைத் தொட்டா தெரியும். புது நெட்வொர்க்னு நினைச்சா விண்டோஸ் பப்ளிக்னு வச்சுக்கும், அதுல ஃபைல் ஷேரிங் மூடி இருக்கும்.

பானு சித்தி: ப்ரைவேட்தான்.

ரகு மாமா: அப்போ சூட்டோட ஃபயர்வாலை மட்டும் நிறுத்தி ஒரு ஸ்கேன். திரும்பப் போட்டுட்டு விண்டோஸோடதை நிறுத்தி இன்னொரு ஸ்கேன். ரெண்டையும் ஒண்ணா அணைக்காதே, அப்புறம் எது தடுத்துச்சுன்னே தெரியாது.

விமல்: மாமா, சில சூட் "ஆஃப்"னு காட்டும், ஆனா அதோட ட்ரைவர் நெட்வொர்க் அடாப்டர்ல ஒட்டிக்கிட்டே இருக்கும். அதனால அந்தச் சோதனையை முழுசா நம்ப முடியாது. எது தடுக்குதுன்னு விண்டோஸையே சொல்ல வைக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினா திறந்து இதை அடிங்க:
auditpol /set /subcategory:"Filtering Platform Connection" /failure:enable
அப்புறம் ஒரு ஸ்கேன் அனுப்பிட்டு, ஈவன்ட் வியூவர்ல செக்யூரிட்டி லாக்ல 5157 (தடுத்ததைக் குறிக்கிற பதிவோட எண்) தேடுங்க. 445 போர்ட் இருக்கிற வரியில ஃபில்டர் ரன்டைம் ஐடின்னு ஒரு எண் இருக்கும்.

செல்வி: அந்த எண்ணோட உடனே அடுத்த கட்டளை: netsh wfp show filters. இருக்கிற ஃபோல்டர்லயே ஃபில்டர்ஸ்னு ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் வரும். அதுல எண்ணைத் தேடினா விதியோட பேரும், யார் எழுதினதுன்னும் தெரியும். நடுவுல ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க, எண் மாறிடும்.

பானு சித்தி: 5157 ஒண்ணுமே வரலைன்னா?

விமல்: அப்போ தடுக்கிறது ஃபில்டரிங் ப்ளாட்ஃபார்முக்கும் கீழ, அடாப்டர் மட்டத்துல இருக்கலாம். கன்ட்ரோல் பேனல்ல அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறங்க. பட்டியல்ல சூட் கம்பெனி பேர்ல ஒரு ஃபில்டர் டிக் ஆகி இருக்கா பாருங்க. டிக்கை எடுத்து ஒரு தடவை சோதிங்க. ஃபயர்வால் ட்ரைவர் ரெண்டு இங்க முட்டிக்கிட்டா நீலத் திரை வரலாம், நெட் விட்டு விட்டு வரலாம்.

கார்த்தி: சரி, தனியா எதுவும் போடல. சூட்டையே எடுத்துட்டு விண்டோஸோடதையும் ஃபயர்வால் கன்ட்ரோலையும் வச்சுக்கிறேன். அன்இன்ஸ்டால் பண்ணா போதுமா?

செல்வி: போதாது. அந்தக் கம்பெனியோட ரிமூவல் டூலை முதல்லயே இறக்கி வச்சுக்கோ. நெட்டைத் துண்டி, அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட், டூலை ஓட்டு, மறுபடி ரீஸ்டார்ட். விண்டோஸ் ஃபயர்வால் டொமைன், ப்ரைவேட், பப்ளிக் மூணுலயும் ஆன்னு பாத்துட்டு நெட்டை இணை. சூட்டோட ஆன்டிவைரஸும் போயிடும்ல, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன் ஆச்சான்னும் பாரு.

ரகு மாமா: அப்பவும் நெட் வரலைன்னா மட்டும் நெட்வொர்க் ரீசெட். அது கடைசி ஆயுதம். வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போயிடும், விபிஎன் இருந்தா மறுபடி அமைக்கணும்.

கார்த்தி: ரவுட்டர்ல இருக்கிற ஃபயர்வாலையும் அணைக்கணுமா?

ரகு மாமா: ஐயையோ, வேண்டாம். அது வேற இடம், வேற வேலை. ரவுட்டர்ல ஒண்ணு, கம்ப்யூட்டர்ல ஒண்ணு இருக்கணும். ஒரே கம்ப்யூட்டர்ல ஒரே வேலைக்கு ரெண்டுதான் கூடாது.

விமல்: மேக்ல வேற வேற வேலைக்கு ரெண்டு சேர்ந்து ஓடலாம். அதோட சொந்த ஃபயர்வால் உள்ள வர்றதை மட்டும் பாக்கும், லூலுங்கிற ஆப் வெளிய போறதைப் பாக்கும். லினக்ஸ்ல யுஎஃப்டபிள்யூ, ஃபயர்வால்டிங்கிற ரெண்டு ஃபயர்வால் கருவியும் ஒரே கெர்னல்ல விதி எழுதும், ஒண்ணை நிறுத்தியே ஆகணும். டாக்கர் (ஆப்களைத் தனித் தனிப் பெட்டியில ஓட்டுற கருவி) திறக்கிற போர்ட் யுஎஃப்டபிள்யூவைத் தாண்டிப் போயிடும், அதையும் கவனி.

பானு சித்தி: 5157 கிடைச்சுது. சூட் பேர்லதான் இருக்கு, "பிளாக் இன்பவுண்ட்"னு என்னமோ.

செல்வி: அப்போ சூட்லயே பிரிண்டரோட ஐபிக்கு (நெட்வொர்க்ல அதோட முகவரி) மட்டும் 445 உள்ள வர விதி போடுங்க சித்தி. மொத்தமா எல்லாருக்கும் திறக்காதீங்க. ரவுட்டர்ல பிரிண்டருக்கு ஐபியை நிலையா வச்சுடுங்க, இல்லைன்னா ஐபி மாறினதும் மறுபடி நிக்கும்.

விமல்: அந்த ஆடிட் கட்டளையை மறுபடி அடிச்சு கடைசி வார்த்தையை disableனு மாத்திடுங்க சித்தி. விட்டா செக்யூரிட்டி லாக் ரொம்பிடும்.