மாம்பலத்துப் படிக்கட்டில் கருகும் பாசி அண்டார்டிகாவில் எப்படிப் பிழைக்கிறது?

மாம்பலம்_மாடிவீடு எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு வடக்குப் பார்த்தது, வெயில் அதிகம் விழாது. ஐப்பசியில் நாலு மழை பெய்தால் போதும், படி முழுக்கப் பச்சை வெல்வெட் விரித்த மாதிரி பாசி பிடித்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் கார்த்திகை தீபத்தன்று, அகல் தட்டோடு மேலே ஏறும்போது அதில்தான் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் பிறகு வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமுமாக இறங்கிவிடுகிறார். அவர் கை எட்டாத மூலைகளில் மிச்சம் இருப்பதும் பங்குனிக்குள் கருகி, தொட்டால் பொடியாக உதிரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அக்கா பையன் அண்டார்டிகாவில் நம் நாட்டின் பாரதி நிலையத்தில் வேலை பார்க்கிறான். போன ஜனவரியில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பாறை இடுக்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பாசி, அச்சு அசல் எங்கள் படிக்கட்டுப் பாசிதான். "சித்தி, உங்க எதிரி இங்கேயும் வந்துட்டான்" என்று கீழே எழுதியிருந்தான். அடுத்த படத்தில் பாறைமேல் கறுப்பாகச் சுருண்டு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. என் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கல்பாசி போலவே இருந்தது!

ஆறேழு மாதம் மழை இல்லாததற்கே இங்கே கருகுகிறதே, அந்தப் பனிக்கட்டிக்கு நடுவில் எப்படி உயிரோடு இருக்கிறது? வரும்போது ஒரு சிட்டிகை எடுத்து வாடா, தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். சட்டப்படி கூடாது என்கிறான். நிஜமா, சோம்பேறித்தனமா?

——

கொல்லைத்தோட்டம் எழுதியது:

அக்கா, அது குளிர் ஜாதி. நம் ஊர் பகல் வெயில் தாங்காது, அவ்வளவுதான் விஷயம். ஆசையாக இருந்தால் நர்சரியில் ஆர்க்கிட் தொட்டிக்கு என்று ஸ்பேக்னம் என்ற பாசி விற்கிறார்கள், வாங்கி வையுங்கள். ஆனால் அது உலர்ந்த சரக்கு, பச்சைப் பசேல் என்று எதிர்பார்க்காதீர்கள்.

——

தாம்பரம்_தாவரவியல் எழுதியது:

முப்பது வருஷம் கல்லூரியில் பிரையோஃபைட்டா, அதாவது இந்தப் பாசி வகைத் தாவரங்கள் பற்றிய பாடம் எடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். மாணவர்கள் தூங்கிய பாடம் அது. இங்கே ஒருவர் தானாகவே கேட்கிறார், விடுவேனா?

முதலில், உங்கள் படியில் கருகியது பெரும்பாலும் சாகவில்லை. பிளீச்சிங் பவுடர் படாத மூலையில் கொஞ்சம் சுரண்டி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பாசிக்கு வேர் கிடையாது. அடியில் இருக்கும் நூல்கள் பிடித்துக்கொள்ளத்தான். தண்ணீரை இலையாலேயே உறிஞ்சும், காற்று காய்ந்தால் கூடவே காயும், மறுபடி ஈரம் பட்டால் விட்ட இடத்திலிருந்து வேலையை ஆரம்பிக்கும். அண்டார்டிகாவிலும் இதே வித்தைதான். உறையும்போது செல்லைக் கிழிப்பது உள்ளே உண்டாகும் பனிப்படிகம். உள்ளே தண்ணீரே இல்லையென்றால் எது கிழிக்கும்?

அந்தக் கண்டத்தில் பனி மூடாத நிலம் அரை சதவீதம்கூடத் தேறாது. பனி கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தாலும் செடிக்கு அது தண்ணீர் இல்லை, உருகினால்தான் தண்ணீர். கோடையில் சூரியன் அடையாமல் சுற்றிச் சுற்றி வருவதால் கறுத்த பாறை சூடேறும். காற்று பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போதே பாசித் திட்டின் மேற்பரப்பு 20 டிகிரியைத் தாண்டிவிடுவதுண்டு. பக்கத்தில் பனி உருகி ஓடினால் அந்தச் சில வாரங்கள்தான் அதற்கு ஐப்பசி, கார்த்திகை எல்லாம். உரம்? பெங்குவின் எச்சம். ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்துப் பக்கம், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெங்குவின்கள் குடியிருந்துவிட்டுப் போன இடத்தில் இன்றைக்கும் பாசி அந்த எச்சத்தில் வளர்கிறது.

வளர்ச்சி வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அதை அளந்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் திடீரென்று கூடியது. பாசித் தண்டில் அந்தக் கார்பன் உச்சத்தில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நுனிவரை அளந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அண்டார்டிகாவை ஒட்டிய தெற்கு ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில் சிக்னி என்ற தீவில், உறைந்த பாசி மேட்டைத் துளைத்து எடுத்த துண்டை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் ஈரமும் வெளிச்சமும் கொடுத்து வைத்தார்கள். சில வாரங்களில் துளிர்த்தது. துளிர்த்த பகுதியின் வயது 1500 ஆண்டுக்கு மேல். 2014இல் வெளியிட்டார்கள். பல்லவர் காலத்தில் தூங்கப்போனது என்று வகுப்பில் சொன்னபோது பின்வரிசைகூட நிமிர்ந்தது.

கொல்லைத்தோட்டம் தம்பிக்கு: பகல் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். காய்ந்த பாசி சூட்டைத் தாங்கும். அதைத் தீர்ப்பது நம் ஊர் ராத்திரி. பகலில் ஒளியால் சம்பாதித்த சர்க்கரையை இரவில் சுவாசத்துக்குச் செலவழிக்க வேண்டும், சூடு ஏற ஏறச் செலவும் ஏறும். ஈரமாகவும் இருந்து, ராத்திரி 28 டிகிரியும் அடித்தால் சம்பளம் பத்தாயிரம், வாடகை பன்னிரண்டாயிரம் கதைதான். கொடைக்கானலில் மரமெல்லாம் பாசி தாடி வைத்திருப்பதற்கும், சென்னையில் மார்கழி வரைக்குமே இது செழிப்பதற்கும் இதுதான் பெரிய காரணம் என்பது என் கட்சி. அண்டார்டிகாப் பாசியை மாம்பலத்துத் தொட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றி வைத்தால், பாசத்தாலேயே கொன்றுவிடுவீர்கள்.

இரண்டும் ஒரே இனமா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, நுண்ணோக்கி வேண்டும். ஆனால் உங்கள் சந்தேகம் அசட்டுத்தனமானது இல்லை. பிரையம் அர்ஜென்டியம் என்ற வெள்ளி மினுக்குப் பாசி உலகத்து நகரங்களின் நடைபாதை விரிசலிலும் இருக்கிறது, அண்டார்டிகாவிலும் இருக்கிறது. பாரதி நிலையத்தின் பக்கம் 2017இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தார் எடுத்த பாசி புது இனம் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பெயர் பிரையம் பாரதியென்ஸே. முண்டாசுக் கவிஞர் பெயராக்கும் என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். நிலையத்தின் பெயர்தான்.

கல்பாசி விஷயத்தில் உங்கள் கண்ணுக்கு நூறு மார்க். அது பாசியே இல்லை, லைக்கன். பூஞ்சையும் நுண்பாசியும் கூட்டுக் குடித்தனம் நடத்தும் உயிர். செட்டிநாட்டுக் குழம்பில் போடுவதும் அந்த வகைதான், அக்கா பையன் படமெடுத்ததும் அதுவாகத்தான் இருக்கும். குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் பிடிப்பதும் பாசி, குழம்பில் போடுவதும் பாசி என்றால் தமிழ் வாத்தியார் தப்பித்துக்கொள்வார், மாட்டிக்கொள்வது நாங்கள்தான்.

——

டீசல்_கை எழுதியது:

அம்மா, வணக்கம். அம்பத்தூரில் இருக்கிறேன். அண்டார்டிகாவில் நம் நாட்டின் இன்னொரு நிலையமான மைத்ரியில் ஜெனரேட்டர் பார்க்கப் போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தவன். உங்கள் பையன் சொல்வது நிஜம். அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991இல் கையெழுத்தான மாட்ரிட் ஒப்பந்தப்படி அனுமதி இல்லாமல் அங்கிருந்து செடி எடுக்கக் கூடாது. இங்கிருந்து கொண்டுபோவதற்கும் அப்படித்தான். கிளம்பும் முன் பூட்ஸைத் தேய்த்து, ஜாக்கெட்டின் வெல்க்ரோவில் விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தோம். நம் வேட்டியில் நாயுருவி ஒட்டுமே, அந்த மாதிரி ஒட்டிக்கொண்டுதான் வெளியூர்ப் புல்லெல்லாம் போய்ச் சேருகிறது. கிங் ஜார்ஜ் தீவில் அப்படி ஒரு புல் வேர்விட்டுவிட்டது. அந்தக் கண்டத்துக்கே சொந்தமாகப் பூக்கும் செடி இரண்டே இரண்டுதான், அதுவும் அண்டார்டிகா தீபகற்பத்துப் பக்கம். நாங்கள் இருந்த இடத்தில் அதுவும் இல்லை.

ஒருநாள் பிரியதர்ஷினி ஏரிப் பக்கம் குழாய் பார்க்கப் போனபோது ஓடைக்கரையில் கறுப்பாக இருந்ததை மிதிக்கப் போனேன். கூட வந்த விஞ்ஞானி கத்திய கத்தில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். நான் அழுக்கு என்று நினைத்தது பாசி. "உன் தடம் மறைய உன் ஆயுசு போதாது" என்றார். அப்புறம் இரண்டு மாதம் சூரியனே தலைகாட்டாத இருட்டு. அதெல்லாம் முடிந்து, பனி இளகியதும் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் பச்சை கட்டியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்த முதல் பச்சை, அம்மா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

——

மாம்பலம்_மாடிவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சார் சொன்ன மாதிரி மூலையில் கருகியிருந்ததைக் கரண்டியால் சுரண்டி, எவர்சில்வர் மூடியில் வைத்து, காலை காபிக்கு முன் தண்ணீர் தெளித்தேன். காபி குடித்து முடிப்பதற்குள் சுருள் பிரிந்து பச்சையாகிவிட்டது! வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ இத்தனை வருஷமும் இது தூங்கிட்டுத்தான் இருந்துதா?" என்றார்.

படியில் தேய்ப்பதை நிறுத்த மாட்டாராம். கைப்பிடிச் சுவருக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்.